டர்போ தானாகச் சாவதில்லை!

'டர்போ' என்கிற வார்த்தைக்கு நம் ஊரில் ஏக கிராக்கி. டர்போ மிக்ஸி, டர்போ ஃபேன், டர்போ ஷேவிங் பிளேடு... வெங்காயம் நறுக்குகிற பிளாஸ்டிக் டப்பாவுக்கு முன்னால்கூட ஒரு டர்போவைச் சேர்த்துவிட்டால் விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லலாம். தொண்ணூறுகளில் வந்த கம்ப்யூட்டர் பெட்டிகளின் முகப்பில் 'டர்போ' என்று ஒரு பட்டனே இருந்தது. அதைத் தட்டினால் மெஷின் ராக்கெட் மாதிரி பறக்கும் என்று பயபக்தியோடு தட்டியவர்கள் அநேகம். உண்மையில் அந்த பட்டனை வைத்ததே மெஷினின் வேகத்தைக் குறைப்பதற்குத்தான்! பழைய புரோகிராம்கள் புது மெஷினின் வேகத்தைத் தாங்க முடியாமல் திண்டாடின. அவற்றின் மேல் இரக்கப்பட்டுச் செய்த ஏற்பாடு அது.

இதெல்லாம் டூப் டர்போ. ஒரிஜினலைப் பார்க்க வேண்டுமென்றால் விடிவதற்கு முன் தோவாளைக்குப் போக வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் தோவாளை. பூச்சந்தை. பிச்சி, மல்லி, சம்பங்கி, அரளி, கனகாம்பரம் என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். சூரியன் எழுந்து பல் தேய்ப்பதற்குள் பாதிப் பூ கேரளாவுக்குப் புறப்பட்டிருக்கும். அதைச் சுமந்துகொண்டு வரிசையாகக் கிளம்புகின்றன பாருங்கள் டீசல் பிக்கப்புகள், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது அவற்றின் வயிற்றிலிருந்து மெல்லிசாக 'உய்ய்ய்' என்று ஒரு விசில் கேட்கும். அதுதான் ஸார் டர்போ.

என் மச்சான் ஒருவரிடம் அப்படி ஒரு பிக்கப் இருக்கிறது. செகண்ட் ஹேண்ட்தான். ஆனால் தவணை மட்டும் புத்தம் புதுசு. தோவாளையில் பூ ஏற்றி, தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் இறக்குவது தொழில். பூ இரும்புக் கம்பி இல்லையே, நாளைக்கு விற்றுக்கொள்ளலாம் என்று வைக்க! வெயில் ஏற ஏற விலை இறங்கும். பத்து மணிக்குப் போய்ச் சேருகிற பிச்சிப்பூவை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

போன வருஷம் ஓணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, தக்கலை தாண்டி ஒரு ஏற்றத்தில், வண்டியின் விசில் திடீரென்று ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஊளையிட்டிருக்கிறது. அப்புறம் மௌனம். பின்னால் நீலப் புகை. மாட்டு வண்டி முந்திக்கொண்டு போகிற அளவுக்கு இழுவை போய்விட்டது. தெரிந்தவர் வண்டியைக் கூப்பிட்டு பூவை மாற்றி அனுப்பி, வாடகையைக் கையிலிருந்து கொடுத்து, தன் வண்டியை மெதுவாக உருட்டி வீடு வந்து சேர்ந்தார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மூன்று மாதத்துக்கு முன்னால்தான் வேறோர் இடத்தில் டர்போ மாற்றியிருந்தார். அத்தத்திலிருந்து திருவோணம் வரை பத்து நாள், கேரளம் முழுக்க வீட்டு வாசலில் பூக்களம் போடும். தோவாளைக்காரர்களுக்கு வருஷச் சம்பாத்தியத்தில் கணிசமான பங்கு அந்தப் பத்து நாளில்தான். அந்த நேரம் பார்த்து வருஷத்தின் இரண்டாவது டர்போவும் மண்டையைப் போட்டால் மனுஷன் என்ன செய்வான்?

*

கதையைத் தொடர்வதற்கு முன்னால், இந்த டர்போ என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடுவோம். நான் பி.காம். ஆசாமி. எனக்குப் புரிகிற பாஷையில்தான் சொல்வேன்.

இன்ஜின் டீசலை மட்டும் குடித்து உயிர் வாழ்வதில்லை. ஒரு லிட்டர் டீசல் எரிய ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்று வேண்டும். சாதாரண இன்ஜின் பிஸ்டன் கீழே இறங்கும்போது எவ்வளவு உறிஞ்ச முடியுமோ அவ்வளவு காற்றைத்தான் உள்ளே இழுக்கும். அதற்கு மேல் டீசலைப் பீய்ச்சினால் எரியாமல் கரும்புகையாக வெளியேறும். அதிக சக்தி வேண்டுமானால் அதிகக் காற்றைத் திணிக்க வேண்டும். திணிப்பது யார்?

தோவாளைக்கு அப்பால் ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் பக்கம், நூற்றுக்கணக்கில் காற்றாலைகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்கு வழியே பாய்ந்து வருகிறது. சும்மா போகிற காற்று. அதன் நடுவே ஒரு சக்கரத்தை வைத்து, சுற்ற வைத்து, கரண்ட் எடுத்துவிடுகிறோம். டர்போவும் இதே சூத்திரம்தான். டீசல் எரிந்து கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்ஸர் வழியே சூடான புகையாக வீணாகிறது. அந்தப் புகையின் பாதையில் ஒரு குட்டிக் காற்றாடி. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி. புகை முதல் காற்றாடியைச் சுற்றும். கூடவே சுற்றுகிற இரண்டாவது, வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கும். கணக்குப் பிள்ளை மொழியில் சொன்னால், 'வாராக்கடன்' என்று தள்ளுபடி செய்த பணத்தில் ஒரு பகுதியை வசூல் பண்ணிக் கொண்டு வருகிற ஆசாமி.

1905-ல் இதற்குப் பேடண்ட் வாங்கியவர் ஆல்ஃப்ரெட் பூக்கி என்கிற ஸ்விட்சர்லாந்து இன்ஜினீயர். வாங்கிவிட்டாரே தவிர, அது உருப்படியாக வேலை செய்து கப்பல் இன்ஜின்களில் ஏறியது 1920-களில்தான். நடுவில் 1918-ல் அமெரிக்காவில் ஸான்ஃபோர்ட் மாஸ் என்பவர் ஒரு விமான இன்ஜினை லாரியில் ஏற்றி, 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோய், காற்று குறைந்த இடத்திலும் டர்போ இருந்தால் இன்ஜினுக்கு மூச்சு முட்டாது என்று நிரூபித்தார். 1962-ல் அமெரிக்கக் கார்களுக்கு வந்தது. 1978-ல் மெர்ஸிடிஸ் கம்பெனி டர்போ வைத்த டீசல் காரை விற்றது. இப்போது, 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் ஆறு அமலான பிறகு, நம் ரோட்டில் டர்போ இல்லாத புது டீசல் பிக்கப்பைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சரி, கஷ்டம் எங்கே வருகிறது? வேகத்தில்! உங்கள் தலைக்கு மேல் ஓடும் சீலிங் ஃபேன் நிமிஷத்துக்கு 350 சுற்று மாதிரி சுற்றும். பிக்கப்பில் இருக்கிற சின்ன டர்போ நிமிஷத்துக்கு 1,50,000 முதல் 2,00,000 சுற்று வரை போகும். அதாவது நீங்கள் 'டர்போ' என்று சொல்லி முடிப்பதற்குள் ஆயிரம் தடவைக்கு மேல் சுற்றிவிடும். அந்த வேகத்தில் இறக்கையின் விளிம்பு ஒலியைவிட வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் 700 டிகிரி புகை, இன்னொரு பக்கம் வெளிக்காற்று. இரண்டுக்கும் நடுவே விரல் பருமன்கூட இல்லாத ஓர் அச்சு.

இந்த அச்சு எதன் மேல் நிற்கிறது தெரியுமோ? எண்ணெயின் மேல். பேரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம். இன்ஜின் ஆயில்தான். அது அழுத்தத்தோடு வந்துகொண்டே இருக்கும்வரை இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்ளாது. சில விநாடி அது வராமல் போனால் கதை முடிந்தது.

*

மச்சான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திய பட்டறையின் மெக்கானிக்குக்கு அறுபது வயதிருக்கும். எல்லாருக்கும் அவர் 'அண்ணாச்சி'. மச்சான் போன உடனே, "அண்ணாச்சி, டர்போ போச்சு. புதுசு ஒண்ணு போட்டுத் தாங்க, நாளைக்கே லோடு இருக்கு" என்றார். கூடமாட இருக்கட்டும் என்று நானும் போயிருந்தேன்.

அண்ணாச்சி அவசரப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "மக்கா, டர்போ தானாச் சாவாது. கொன்னாத்தான் சாவும். கொன்னவன் யாருன்னு தெரியாம புதுச மாட்டினா, அவன் அதையும் கொல்லுவான். மூணு மாசம் முந்தி அதுதான நடந்திருக்கு?" என்றார்.

"ஓணம் வருது அண்ணாச்சி..."

"வரட்டும். இப்பம் நீ வெப்ராளப்பட்டா ஓணத்தன்னைக்கும் இங்கதான் வந்து நிப்ப. மாத்திப் போட எனக்கு அரை நாள் போதும். கண்டுபிடிக்க ஒரு நாள் தா."

ஒரு நாள் என்றால் ஒரு லோடு. ஒரு லோடு என்றால் அந்த மாதத் தவணையில் ஒரு துண்டு. மச்சான் என்னைப் பார்த்தார். நான் பட்டறை காலண்டரைப் பார்த்தேன். கடைசியில் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனோம்.

திரும்பி வந்தபோது பிரேதப் பரிசோதனை ஆரம்பமாகியிருந்தது. முதலில் டர்போவைத் தொடவே இல்லை. ரப்பர் ஹோஸில் கீறல் உண்டா, கிளிப் நழுவியிருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். இழுவை குறைந்தால் பாதி வண்டிகளில் குற்றவாளி ஒரு கிழிந்த ஹோஸ்தானாம்! அது தெரியாமல் நல்ல டர்போவைக் கழற்றி வீசுகிறவர்கள் உண்டு.

அப்புறம் ஏர் பைப்பைக் கழற்றி, காற்றாடியின் மூக்கை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். மேலும் கீழுமாகத் துளி ஆட்டம் இருக்கலாம்; எண்ணெய் இல்லாமல் நிற்கும்போது அது சகஜம். முன்னும் பின்னுமாக ஆடவே கூடாது. மச்சானின் டர்போ எட்டுத் திசையிலும் ஆடியது. இறக்கை உள்சுவரில் உரசிய தடமும் தெரிந்தது. மரணம் உறுதி.

கழற்றுவதில்தான் பாதி நேரம் போயிற்று. புகைப் பக்க நட்டுகள் வருஷக்கணக்காக வெந்து, துருவோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊற வைத்து, பைய, பைய ஸ்பேனர் போட்டார். கூட இருந்த பையன் பலத்தைக் காட்டப் போனபோது, "லே, அது முறிஞ்சா ஓணம் முறிஞ்சுது" என்று ஓர் அதட்டல்.

கையில் வந்த டர்போவைப் பிரித்து வெயிலில் காட்டினார். நாடி ஜோசியர் மாதிரி வாசிக்க ஆரம்பித்தார். இறக்கை முனை முறிந்திருந்தால் ஏதோ நட்டோ, துணியோ உள்ளே போயிருக்கிறது. இறக்கை சாணை பிடித்தது மாதிரி தேய்ந்திருந்தால் தூசி. ஏர் ஃபில்டர் கிழிசல். பேரிங்கில் கோடு கோடாகக் கீறல் இருந்தால் அழுக்கு ஆயில். அச்சு நீலம் பாய்ந்து கருகியிருந்தால்...

அச்சு நீலமாக இருந்தது.

"எண்ணெ கிடைக்காமச் செத்திருக்கு" என்றார் அண்ணாச்சி. "வா, எண்ணெ எங்க நின்னுதுன்னு பாப்போம்."

இன்ஜினிலிருந்து டர்போவுக்கு ஆயில் கொண்டுவருகிற சின்ன இரும்புக் குழாயின் ஒரு முனையைப் பாட்டிலுக்குள் விட்டு, டீசலைத் துண்டித்துவிட்டு, செல்ஃப் மட்டும் அடிக்கச் சொன்னார். ஆயில் பீய்ச்சி அடித்திருக்க வேண்டும். ஜலதோஷக்காரன் மூக்கு மாதிரி சொட்டியது. குழாயை வளைவில் அறுத்துக் காட்டினார். உள்ளே கரி! பென்சில் போகவேண்டிய ஓட்டையில் குண்டூசி போகும். மூன்று மாதத்துக்கு முன் டர்போவை மாற்றிய இடத்தில் இந்தக் குழாயை மாற்றவில்லை. பழைய கொலைகாரனை அப்படியே வீட்டில் வைத்துக்கொண்டு புது மாப்பிள்ளையைக் கூட்டி வந்திருக்கிறார்கள். கீழே ஆயில் திரும்புகிற குழாயின் வாயிலோ, பேக்கிங் ஒட்டத் தடவிய பசை பிதுங்கி, காய்ந்து, பாதி வழியை மறித்திருந்தது.

கரி எப்படி வந்தது? ஆயில் மாற்றவேண்டிய கிலோமீட்டரைத் தாண்டி, 'அடுத்த லோடு, அடுத்த லோடு' என்று தள்ளிப்போட்டது ஒன்று. கம்போளத்துக்கு விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்ததும் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தது இன்னொன்று. இன்ஜின் நின்றால் ஆயில் பம்பும் நிற்கும். ஆனால் டர்போ கொதிக்கிற சூட்டில் இருக்கிறது. அங்கே மாட்டிக்கொண்ட ஆயில் அடுப்பில் மறந்துபோன தாளிதம் மாதிரி கருகும். தினம் ஒரு துளி கரி. ஒரு வருஷத்தில் குழாய் அடைப்பு.

மச்சான் ஒன்றும் பேசவில்லை.

*

அடுத்தது, எதைப் போடுவது? இதற்கு மூன்று வழி. முழுப் புது டர்போ. அல்லது வெளிக்கூடு நன்றாக இருந்தால், நடு பாகம் மட்டும். 'கோர்' என்றோ 'கேட்ரிட்ஜ்' என்றோ கேட்டால் கடையில் தருவார்கள். அல்லது ரீகண்டிஷன் செய்தது. கூடு உரசிப் பள்ளம் விழுந்திருந்தால் கோர் மட்டும் போடுவது வீண். ரீகண்டிஷன் என்றால் அச்சையும் இறக்கைகளையும் மெஷினில் வைத்து பாலன்ஸ் பார்த்திருக்க வேண்டும். 2,00,000 சுற்றில் கடுகளவு எடை வித்தியாசம்கூட எமன். பாலன்ஸ் பார்த்த ரிப்போர்ட் இல்லாமல் சலீசாகக் கிடைப்பது சலீசாகவே போகும். மச்சான் வண்டியில் கூடும் கெட்டிருந்ததால் முழுசாகப் புதுசு. பில்லோடு. டர்போவுக்கு வாரண்டி தருகிறவர்கள் பல பேர், ஆயிலும் ஃபில்டரும் ஆயில் குழாயும் புதுசாக மாற்றிய பில் இருக்கிறதா என்று முதலில் கேட்பார்கள். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்.

காமர்ஸ்காரன் சந்தேகம் ஒன்று: இது காபிடல் செலவா, ரெவின்யூ செலவா? வண்டியின் சக்தியைப் பழைய நிலைக்குத்தான் கொண்டுவருகிறோம், கூட்டவில்லை. எனவே ரெவின்யூ. லாபத்திலிருந்து நேராகக் கழியும். மச்சானிடம் சொன்னேன். "எதுல கழிஞ்சா என்ன மச்சான், என் பையில இருந்துதான கழியும்" என்றார். இன்ஸ்டிட்யூட்டில் எந்த வாத்தியாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மறுநாள் காலை மாட்டும் வைபவம். முதலில் இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தார் அண்ணாச்சி. அரை டம்ளர் ஆயில் கொட்டியது. செத்த டர்போ கக்கியது. இதை விட்டுவைத்தால் ஆபத்து. டீசல் இன்ஜினுக்கு டீசல்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. காற்றோடு எந்த எண்ணெய் வந்தாலும் எரிக்கும். உள்ளே கிடக்கிற ஆயிலை உறிஞ்சிக்கொண்டு இன்ஜின் தானாக வேகம் பிடித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் அலறி, தன்னையே உடைத்துக்கொள்ளும். ரோட்டில் அப்படி நடந்தால் டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டே கிளட்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்தப் பார்க்க வேண்டும். கையை வைத்துக் காற்றுக் குழாயை அடைக்கப் போகக்கூடாது. விரல் திரும்ப வராது.

புது ஆயில் குழாய், புது பேக்கிங், புது ஆயில், புது ஃபில்டர். ஆயில் வழியில் பசை கூடவே கூடாது. மாட்டிய பிறகு டர்போவின் ஆயில் ஓட்டையில் சுத்தமான ஆயிலைச் சில சொட்டு விட்டு, காற்றாடியை விரலால் மெல்லச் சுற்றினார். பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கிற மாதிரி. அப்புறமும் ஸ்டார்ட் செய்யவில்லை. டீசலைத் துண்டித்தபடியே செல்ஃப் அடித்து, ஆயில் டர்போவுக்குப் போய்ச் சேர்ந்தது உறுதியான பிறகுதான் உயிர் கொடுத்தார். ஐந்து நிமிஷம் ஐடிலில் ஓடியது. கசிவு இல்லை. பட்டறை வாசல் ஏற்றத்தில் ஒரு ரவுண்டு. 'உய்ய்ய்...'

பத்து நாளும் வண்டி ஓடியது. ஒரு லோடும் தவறவில்லை.

*

'பிக்கப் வைத்திருப்பவனுக்குச் சொல்கிற கதை, ஆபீஸ் போகிற எனக்கென்ன?' என்கிறீர்களா? மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் பெட்ரோல் கார் ஒன்றைத் தவணையில் எடுத்துவிட்டு, பின்பக்கம் 'டர்போ' என்று எழுதியிருப்பதைத் தினம் துடைத்துப் பளபளப்பாக்குகிறீர்களே, அதே சமாசாரம்தான் உள்ளே இருக்கிறது. கையேட்டில் சொன்ன ஆயில், சொன்ன கிலோமீட்டரில். காலையில் ஸ்டார்ட் செய்த கையோடு உறும வேண்டாம். ஆயில் போய்ச் சேர அவகாசம் கொடுங்கள். வேகமாக ஓட்டி வந்து நிறுத்தினால், அணைப்பதற்கு முன் ஒரு நிமிஷம் ஐடில். அந்த ஒரு நிமிஷத்தில் போனில் வந்த 'குட் மார்னிங்'குகளுக்குப் பதில் போடலாம்.

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு நிமிஷ ஐடிலுக்கு ஆகும் செலவு ஏறக்குறைய பூஜ்யம். ஆயில் மாற்றினால் நாலு இலக்கம். டர்போ போனால் ஐந்து இலக்கம். டர்போ போனதைக் கவனிக்காமல் ஓட்டி இன்ஜினே போனால் ஆறு இலக்கத்தைத் தொடலாம். எந்த இலக்கத்தில் நிற்க ஆசை என்பது அவரவர் இஷ்டம்.

அண்ணாச்சி கொடுத்த பில்லை வாங்கிப் பார்த்தேன். தொழில் புத்தி. டர்போ, ஆயில் குழாய், பேக்கிங், ஆயில், ஃபில்டர், மாற்றிய கூலி என்று எல்லாம் வரிசையாக இருந்தது. கொன்றவனைக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாரே, அதற்கு மட்டும் ஒரு வரியும் இல்லை. "இதுக்கு எவ்வளவு அண்ணாச்சி?" என்றதற்கு, "அதுக்கு எந்தக் காலத்துல போட?" என்று சிரித்தார்.

ஓணம் முடிந்த மறுநாள் மச்சான் ஒரு குலை மட்டிப்பழத்தைக் கொண்டுபோய் பட்டறை வாசலில் இறக்கி வைத்தார். வண்டியை ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு, அப்புறம்தான் அணைத்தாராம்.